வாய்தாவுக்குப் போகாத முள்ளம்பன்றி

மருதங்காட்டில் கூரப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. நல்ல உழைப்பாளி. கிழங்கு தோண்டுவதில் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் பயந்துவிட்டால் போதும்! சட்டென்று திரும்பி, முள்ளை விரித்துக்கொண்டு, பின்பக்கமாகவே ஓடும். முள்ளம்பன்றிகளுக்கே உள்ள பழக்கம் அது. பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதெல்லாம் கிடையாது.

அந்தக் காட்டில் குளத்துக்குப் போக ஒரே ஒரு யானைத்தடம்தான் உண்டு. நடுவில் இரண்டு பாறைகளுக்கு இடையே அது மிகவும் குறுகிவிடும். அந்தி நேரத்தில் எல்லோரும் தண்ணீருக்குக் கிளம்பினால் அங்கே நெரிசல் சொல்லி மாளாது. அதனால் யானைகள் சட்டம் வைத்திருந்தன. அவரவர் இடப்பக்கமாகவே போக வேண்டும். முந்தக் கூடாது. முக்கியமாக, பாறை இடுக்கில் பின்பக்கமாக ஓடவே கூடாது.

இதற்குக் காவல், ஆட்காட்டிக் குருவி. அதன் கண்ணில் படாமல் ஓர் எறும்புகூடக் கடக்க முடியாது.

ஒரு நாள் அந்தியில் கூரப்பன் அந்த இடுக்கில் போய்க்கொண்டிருந்தது. மேலே காய்ந்த கிளை ஒன்று மளாரென்று முறிந்தது. அவ்வளவுதான்! கூரப்பன் திரும்பியது, விரித்தது, பின்பக்கமாக ஓடியது. அங்கே நின்றிருந்த கடமானின் காலில் முள் நறுக்கென்று ஏறியது.

"ஐயோ, என் காலு!" என்று கடமான் துள்ளியது. முயல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. தடம் முழுவதும் அடைத்துக்கொண்டது.

ஆட்காட்டி பறந்து வந்தது. "பின்பக்கமா ஓடினது யாரு? கூரப்பனா? பௌர்ணமிக்கு மறுநாள் உனக்கு வாய்தா! உச்சிப்பொழுதுக்கு மருதமரத்துக் கோர்ட்டுக்கு வந்துடணும்!"

"உச்சிப்பொழுதா? அது நான் தூங்குற நேரமாச்சே!"

"அதை அம்மாகிட்ட வந்து சொல்லு!"

அம்மா என்றால் பெரியநாயகி யானை. காட்டுக்கு நீதிபதி.

பௌர்ணமி வந்தது. நிலா வெளிச்சத்தில் கிழங்கு தோண்ட வசதியாக இருந்ததால் கூரப்பன் விடிய விடியத் தோண்டியது. காலையில் வளைக்குத் திரும்பி, "கொஞ்சம் கண்ணை மூடிக்கிட்டு அப்புறம் போகலாம்" என்று படுத்தது. கண் விழித்தபோது சூரியன் மேற்கே இறங்கிவிட்டது.

அதற்குள் ஆட்காட்டி காட்டுக்கு மேலே வட்டமடித்துக் கத்திக்கொண்டிருந்தது. "கூரப்பன் வாய்தாவுக்கு வரலை! வாரண்ட்! வாரண்ட்! கண்ட இடத்துல பிடிங்க!"

பிடிக்கும் வேலை செந்நாய்களுக்கு. வளைக்குள் மட்டும் அவை நுழையாது. பிடிபட்டவரை முதலில் பாறைக் குகையில் அடைப்பார்கள். மழைக்காலம் முடிந்த பிறகுதான் விசாரணை. தானாக நடந்து வந்து நிற்பவரை மட்டும் அன்றைக்கே விசாரிப்பார்கள். இது காட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

கூரப்பன் வளைக்குள்ளேயே பதுங்கியது. காரணம் இருந்தது. அதன் மனைவி செவந்திக்கு இது நிறைமாதம். இன்னும் சில நாளில் குட்டி பிறக்கும். இந்த நேரத்தில் குகைக்குள் போனால், வளையை யார் காப்பது? கிழங்கு யார் கொண்டுவருவது?

அப்போது வாசலில் ஒரு மூக்கு நீண்டது. நல்லமுத்து நரி!

"அண்ணே, கேள்விப்பட்டு ஓடி வந்தேன். மனசே சரியில்லை. அம்மாவுக்கு உங்க மேல பயங்கரக் கோபம். நேர்ல போனா ஒரே மிதிதான்!"

"இப்ப நான் என்ன பண்றது தம்பி?"

"நான் எதுக்கு இருக்கேன்? அம்மாவுக்கு வேண்டியவங்க எல்லாம் எனக்கும் வேண்டியவங்க. சொல்லி சரிக்கட்டிடுறேன். அதுவரைக்கும் நீங்களும் அண்ணியும் மலைக்கு அந்தப் பக்கம் போய் ஒளிஞ்சிருங்க. வளையை நான் பார்த்துக்குறேன்."

"உனக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு!" என்றது கூரப்பன். அதற்குக் கண்ணே கலங்கிவிட்டது.

உள்ளிருந்து செவந்தி சொன்னது: "யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லுங்க."

நரி போன பிறகு செவந்தி சீறியது. "ஏங்க, அவன் பார்வை போன இடத்தைக் கவனிச்சீங்களா? உங்க மூஞ்சியை ஒரு தடவைகூடப் பார்க்கலை. வளையைத்தான் அளந்துகிட்டு இருந்தான்! இந்த வயித்தோட நான் எந்த மலையை ஏறுறது?"

கூரப்பன் எங்கேயும் போகவில்லை. ஆனால் வெளியிலும் வரவில்லை. வாசலில் தலை நீட்டினாலே "வாரண்ட்! வாரண்ட்!" என்று சத்தம் கேட்டது. கிழங்கு தீர்ந்தது. செவந்தி வேரைச் சுரண்டித் தின்றது. பிறகு அதுவும் இல்லை. பசியோடு அது புரண்டு படுப்பதைப் பார்த்துக் கூரப்பனுக்கு நெஞ்சு வெந்தது.

"நீங்க பண்ணின தப்பு சின்னதுங்க" என்றது செவந்தி. "அதை உள்ள வெச்சுத் தீனி போட்டு வளர்க்குறோம். நமக்குத்தான் தீனி இல்லை."

"போறேன்னு வெச்சுக்கோ. வழியிலேயே ஆட்காட்டி கத்தும், செந்நாய் வந்து பிடிக்கும். பிடிபட்டவனாத்தானே ஆவேன்? தானா வந்தேன்னு சொன்னா யார் நம்புவா?"

சொல்லிக்கொண்டே வந்த கூரப்பன் நின்றது. பிறகு மெல்லச் சிரித்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"அது எதுக்குக் கத்தணும்? நானே கத்திக்கிட்டுப் போறேன்!"

மறுநாள் காலை காடே ஆச்சரியப்பட்டது. யானைத்தடத்தின் இடப்பக்கமாக, முள்ளை ஒழுங்காக மடக்கிக்கொண்டு, ஒரு முள்ளம்பன்றி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தது. நடந்தபடியே உரக்கக் கத்தியது.

"நான்தான் கூரப்பன்! வாய்தாவுக்குப் போகாதவன் நான்தான்! இப்ப கோர்ட்டுக்குப் போறேன்! எல்லாரும் கேட்டுக்கோங்க!"

குரங்குகள் கைகொட்டிச் சிரித்தன. மயில்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கூரப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நிறுத்தவில்லை. மேலே ஆட்காட்டி வாயைத் திறந்தது. கத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் மூடிக்கொண்டது.

இந்தச் சத்தம் நரியின் காதிலும் விழுந்தது. 'இவன் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் வளை நமக்கு இல்லை!' என்று பதறியது. குறுக்கு வழியில் ஓடிச் செந்நாய்களிடம் சொன்னது: "கூரப்பன் காட்டை விட்டே ஓடப் பார்க்குறான்! பாறை இடுக்குக்கு வாங்க, காட்டுறேன்!"

செந்நாய்கள் கூரப்பன் வருகிற பக்கத்துப் புதரில் வந்து மறைந்து நின்றன. நரி பாறைமேல் பதுங்கியது. கூரப்பன் இடுக்குக்குள் நுழைந்ததும் அதன் தலைக்கு நேர் மேலே அலறியது.

"சிறுத்தை! சிறுத்தை!"

கூரப்பனின் உடம்பெல்லாம் முள் சிலிர்த்து நின்றது. கால்கள் தாமாகவே திரும்பப் பார்த்தன. திரும்பியிருந்தால் கதை முடிந்தது! அதே இடத்தில் இரண்டாவது குற்றம். நேராகச் செந்நாய்களின் நடுவில் போய் நின்றிருக்கும்.

செவந்தி வேரைச் சுரண்டியது அதன் கண்ணுக்குள் வந்தது. கூரப்பன் நகத்தை மண்ணில் ஊன்றியது. பல்லைக் கடித்தது. ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தது. பிறகு இன்னொரு காலை வைத்தது. பயந்துபோன முள்ளம்பன்றி முன்பக்கமாக நடப்பதை அன்றைக்குத்தான் அந்தக் காடு முதன்முதலாகப் பார்த்தது!

"நான்தான் கூரப்பன்!" என்று நடுங்கும் குரலில் மறுபடி கத்தியது. "கோர்ட்டுக்குப் போறேன்!"

செந்நாய்கள் பாய்ந்து வந்து சூழ்ந்தன. "நில்லுடா! ஓடிப்போகப் பார்த்தவன் நீதானே?"

அப்போது வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் நொண்டி நொண்டி முன்னால் வந்தார். முள் ஏறிய அதே கடமான்!

"ஓடிப்போறவன் எவனாவது தன் பேரைச் சொல்லிக்கிட்டு ஓடுவானா? காலையிலேர்ந்து காடு முழுக்கக் கேட்குது. என் காலைக் குத்தினவன்தான் இவன். எனக்கும் இவன் மேல கோபம்தான். ஆனா தானா போறவனைப் பிடிச்சோம்னு சொல்லாதீங்க. வழியை விடுங்க!"

"ஆமா, நாங்களும் கேட்டோம்!" என்றன குரங்குகள். "நாங்களும்!" என்றன மயில்கள்.

செந்நாய்கள் தலையைச் சொறிந்தன. பிடிக்க வந்தவை, கடைசியில் துணைக்கு நடந்தன.

மருதமரத்தடியில் பெரியநாயகி காதை அசைத்தபடி நின்றிருந்தது.

"வாய்தாவுக்கு ஏன் வரலை?"

"தூங்கிட்டேன் தாயே."

"அவ்வளவுதானா? வயித்துவலி, வழியில வெள்ளம், அப்படி எதுவும் இல்லையா?"

"இல்லை தாயே. தூங்கினேன். எழுந்த பிறகாவது வந்திருக்கணும். பயந்து ஒளிஞ்சேன். அதுவும் தப்பு."

பெரியநாயகி பெருமூச்சு விட்டது. "இந்த மரத்தடியில பொய் கேட்டுக் கேட்டே எனக்குக் காது நீண்டுபோச்சு. இன்னிக்குத்தான் காதுக்கு இதமா ஒரு பேச்சு கேட்குறேன். உன் மேல போட்ட வாரண்ட் இந்த நிமிஷமே ரத்து! ஆட்காட்டி, போய்ச் சொல்லு!"

ஆட்காட்டி உற்சாகமாகக் கிளம்பியது.

"ஆனா பின்பக்கமா ஓடினது குற்றம்தான்" என்று யானை தொடர்ந்தது. "தோண்டுறதுல நீ கெட்டிக்காரன்னு கேள்வி. பாறை இடுக்கு ஓரத்து மண்ணைத் தோண்டித் தடத்தை அகலமாக்கு. அதுதான் தண்டனை."

"சந்தோஷமாச் செய்யறேன் தாயே!" என்ற கூரப்பன் நகரவில்லை. அவ்வளவு தூரம் நடந்ததில் அதற்கு ஒரு தைரியம் வந்திருந்தது. "தாயே, ஒண்ணு கேட்கலாமா? எங்களை மாதிரி ராத்திரி விழிக்கிறவங்களுக்கு உச்சிப்பொழுதுல வாய்தா போட்டா எப்படி வருவோம்? எங்களுக்கு அந்தியில வைக்கக் கூடாதா?"

நீதிபதியிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

திடீரென்று புதர்கள் அசைந்தன. ஒரு மரநாய் எட்டிப் பார்த்தது. "எனக்கும் வாரண்ட் இருக்கு தாயே. நானும் தூங்கித்தான் போயிட்டேன்!" கிளையிலிருந்து தேவாங்கு கூச்சத்தோடு கையைத் தூக்கியது. பொந்திலிருந்து ஆந்தை தலை நீட்டியது.

பெரியநாயகி கண்ணில் நீர் வரும் வரை சிரித்தது. "இத்தனை பேரா? அப்படின்னா தப்பு என் பக்கமும் இருக்கு. இனிமே அந்தியிலும் கோர்ட்டு உண்டு! எல்லார் வாரண்டும் ரத்து!"

மருதமரம் அதிரும்படி ஆரவாரம் எழுந்தது. குரங்குகள் கூரப்பனைத் தோளில் தூக்கப் பார்த்து, முள்ளைத் தொட்டதும் "ஆ!" என்று விட்டுவிட்டு, சுற்றி நின்று ஆடின.

வளைக்குத் திரும்பும் வழியில் எதிரே நல்லமுத்து நரி ஊளையிட்டபடி ஓடியது. அதன் மூக்கில் நீளமாய் ஒரு முள்! கணவன் இல்லாத நேரம் பார்த்து வளைக்குள் நுழையப் போயிருக்கிறது. செவந்தி சும்மா விடுமா?

கூரப்பன் ஓடிப்போய் வளைக்குள் பார்த்தது. செவந்தி படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, முள் இன்னும் பஞ்சாக இருக்கிற இரண்டு குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன.

"ரத்தாயிடுச்சு!" என்றது கூரப்பன்.

"ஆட்காட்டி சொல்லுச்சு. அப்பதான் இவங்க பிறந்தாங்க" என்று செவந்தி சிரித்தது.

வரச் சொன்ன நாளில் போகத் தவறிவிட்டால், பிடிக்க வருகிறவருக்குப் பயந்து ஒளியாமல், அவர் வருவதற்கு முன்னே நாமே நேரில் போய் உண்மையைச் சொல்லி நிற்க வேண்டும்.