ஒத்துப்போன எண்

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். இந்தக் கதையின் குரு செண்பகவல்லி, பாலிடெக்னிக்கில் கருவிகளைப் பிரித்துப் பூட்டச் சொல்லிக்கொடுப்பவர். ஒரு ஸ்கூட்டர், ஒரு பெட்டி நிறைய ஸ்பேனர், கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாத குணம். அவருடைய சொத்து அவ்வளவுதான்.

சீடர் ஞானதிரவியம் குருவைவிட மூத்தவர், தலை முழுக்க நரைத்தவர். வெள்ளாம்பட்டினத்தில் காற்றின் மாசை அளக்கிற பணியாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவது அவர் வேலை. கருவிகளின் நெளிவு சுளிவுகளை அவர் கற்றுக்கொண்டது செண்பகவல்லியிடம். அதனால் அவர் இவரை அம்மா என்பார், இவர் அவரை அண்ணாச்சி என்பார். யார் குரு, யார் சீடர் என்று பார்க்கிறவர்கள்தான் குழம்புவார்கள்.

அன்று காலை ஞானதிரவியம் கசங்கின சட்டையோடு செண்பகவல்லி வீட்டுக்கு வந்து நின்றார்.

"நாளைக்கு வகுப்பு இருக்கும்மா. எல்லாக் கடற்கரை மாவட்டத்துல இருந்தும் ஆள் வாராங்க. நடத்தவா, வேண்டாமான்னு தெரியலை."

"உக்காருங்க அண்ணாச்சி."

அவர் உட்கார்ந்தார். அவர் சொல்லத் தயங்கின கதையை நாமே சொல்லிவிடலாம்.

வெள்ளாம்பட்டினத்தில் காற்றை மூன்று இடத்தார் அளந்துகொண்டிருந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஊருக்கு நடுவே அளந்தது. துறைமுகம் கடலோரத்தில் அளந்தது. மாநகராட்சி கரிமேட்டில் அளந்தது. கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரியை மலைபோல் குவித்து வைத்திருக்கிற இடத்தை ஒட்டிய குடியிருப்புதான் கரிமேடு. மூன்று கருவிகளும் மூன்று எண்ணைச் சொன்னால் கேட்க வேண்டுமா? உன் மெஷின் ஓட்டை என்பார் ஒருவர். உன் ஆளுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்பார் இன்னொருவர். கூட்டம் என்று கூடினால் காபி ஆறும்வரை சண்டை. பத்திரிகைக்காரர்களுக்கு நல்ல தீனி. கடைசியில் மேலதிகாரிகள் ஞானதிரவியத்தைக் கூப்பிட்டு, மூன்று இடத்து ஆட்களையும் ஒன்றாக உட்கார வைத்துக் கூட்டுப் பயிற்சி கொடுங்கள் என்றார்கள்.

அவர் அதை மனசாரச் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் நமக்குத்தான் பாவம். ஒரே மொட்டை மாடியில் மூன்று கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். காற்று ஒன்று என்றால் எண்ணும் ஒன்றாகத்தான் வர வேண்டும். எது மற்ற இரண்டோடு ஒத்துப்போகவில்லையோ அதில்தான் கோளாறு என்று காட்டிக்கொடுத்தார். கோளாறைத் திருத்தினார்கள். எண்கள் ஒத்துப்போயின. அந்த மாடியில் அது சரியான பாடம்தான்.

பயிற்சி முடிந்து கருவிகள் அவரவர் இடத்துக்குத் திரும்பின. பாடமும் கூடவே போயிற்று. தினமும் சாயங்காலம் மூன்று பேரும் போனில் பேசிக்கொள்ள வேண்டும் என்று ஞானதிரவியம் ஏற்பாடு செய்தார். யாருடைய எண் துருத்திக்கொண்டு நிற்கிறதோ அவர் தன் கருவியை நிறுத்திவிட வேண்டும். மற்ற இருவரின் சராசரியை, ஜனங்கள் பார்க்கத் தன் இடத்தில் மாட்டியிருக்கிற பலகையில் போட வேண்டும். காற்று சுத்தம் என்றால் அதில் பச்சை விளக்கு எரியும். கருவியை மறுநாள் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சண்டை நின்றது. போனில் குசலம் விசாரித்துக்கொண்டார்கள். இவர் வீட்டுக் காதுகுத்துக்கு அவர் போனார். எண்கள் எல்லாம் ஒத்துப்போனதில் மேலதிகாரிகளுக்கும் ஏக சந்தோஷம். இந்த முறையைக் கடற்கரை மாவட்டம் எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று உத்தரவானது. மறுநாள் வகுப்பு அதற்குத்தான்.

அதற்குள் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது.

"கரிமேட்டுல நாலு பேர் செத்துட்டாங்கம்மா" என்றார் ஞானதிரவியம்.

"பேப்பர்ல பாத்தேன்."

"கரிக்குவியல் உள்ளுக்குள்ளயே பத்திக்கிட்டுப் புகைஞ்சிருக்கு. அன்னைக்குன்னு பாத்துக் காத்து அடங்கிப்போச்சு. புகை கலையாம அப்படியே வீடுகள் மேல உக்காந்துட்டு."

"மெஷின் பாக்கலையா?"

"பாத்துதும்மா. பாத்துது." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அங்க மாநகராட்சி மெஷினைப் பாக்குறது மரகதவேணின்னு ஒரு புள்ளை. என்கிட்ட படிச்சவ. அன்னைக்குச் சாயங்காலம் எண் எங்கேயோ எகிறியிருக்கு. மத்த ரெண்டு பேருக்கும் போன் போட்டிருக்கா. ஊருக்குள்ளயும் கடலோரத்துலயும் காத்து சுத்தமா இருந்திருக்கு. இவ மெஷினை நிறுத்திட்டு, அவங்க சராசரியைப் போட்டுட்டா. பலகையில பச்சை விளக்கு."

செண்பகவல்லி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"செத்ததுல ஒண்ணு அவ மக" என்றார் ஞானதிரவியம்.

அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. குரு எழுந்துபோய்த் தணலைக் குறைத்துவிட்டு வந்தார்.

"நேத்து மேல இருந்து போன் வந்துது. முறையில தப்பு இல்லையாம். அந்தப் பொம்பளையோட கவனக்குறைவாம். அப்படி எழுதிட்டா முடிஞ்சுதாம். நீங்க வகுப்பை நிறுத்த வேண்டாம்ங்காங்க."

"நீங்க என்ன நினைக்கீங்க?"

ஞானதிரவியத்துக்குச் சட்டென்று கோபம் வந்தது. யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

"நான் என்ன நினைக்க? மூணுல ரெண்டு ஒரே மாதிரி சொல்லுது, ஒண்ணு மாத்திச் சொல்லுது. மாத்திச் சொல்லுறதைத்தானேம்மா சந்தேகப்படணும்? உலகத்துல எவன்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. என் பாடத்துல என்ன தப்பு?"

செண்பகவல்லி உள்ளே போனார். ஒரு எவர்சில்வர் தம்ளரில் கொதிக்கக் கொதிக்க டீயை விளிம்புவரை ஊற்றிக் கொண்டுவந்தார்.

"இடது கையில பிடிங்க."

பிடித்தார். பிடித்த வேகத்தில் கீழே வைக்கப் பார்த்தார்.

"இருங்க. வலது கைக்குச் சுடுதா?"

"அதுக்கென்ன? அதுக்குச் சுடலை."

"நெத்திக்கு?"

"அம்மா..."

"நெத்திக்குச் சுடுதா, இல்லையா?"

"இல்லை."

"ரெண்டு பேர் சுடலைங்காங்க. அப்போ உங்க இடது கையிலதான் கோளாறு."

தம்ளர் தரையில் விழுந்தது. டீ ஓடிப்போய்ச் சுவரோரம் தேங்கியது. ஞானதிரவியம் சிவந்துபோன விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். குரு பழந்துணி ஒன்றை எடுத்துவந்து, குனிந்து தரையைத் துடைத்தார்.

"புரியுதும்மா" என்றார் அவர்.

"புரிஞ்சவர் இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க? கரிமேட்டுக்குல்ல போயிருக்கணும்."

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போக?"

"இருக்கிற முகத்தை வச்சுக்கிட்டுத்தான்."

ஸ்கூட்டரைக் குரு ஓட்டினார். சீடர் பின்னால் உட்கார்ந்தார். வேறு நாளாக இருந்தால் அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

கரிமேட்டில் மண்ணே கறுப்பு. வேலியில் காயப்போட்ட துணியும் கறுப்பு பூசிக்கொண்டுதான் காயும். பள்ளிக்கூட மாடியில் கருவி நிறுத்தியபடியே இருந்தது. கீழே சுவரில் பலகை. அதில் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நாலு பிணங்களை அதற்கு அடியிலேயே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதை அணைக்க வேண்டும் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மரகதவேணியின் வீடு பள்ளிக்கூடத்துக்கு அடுத்த சந்தில். அவள் புருஷன் சேர்மக்கனி வாசலில் குத்தவைத்திருந்தான். இவர்களைப் பார்த்தான். வாங்க என்று சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளே பாயில் கிடந்த மரகதவேணி, சார் என்று தெரிந்ததும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றாள். வகுப்பில் எழுந்து நிற்பதுபோலவே நின்றாள்.

"உக்காரும்மா" என்றார் ஞானதிரவியம்.

அவள் உட்காரவில்லை.

"எனக்கே தொண்டை எரிஞ்சுது சார்" என்றாள். குரலில் அழுகை இல்லை. அழுது தீர்ந்த குரல். "புள்ளைக்கு இளைப்பு வந்துட்டு. எங்க அத்தை வீட்டுல கொண்டு விட்டுருவோம்னு இவர் சொன்னார். நான்தான் வேண்டாம்னேன். மெஷின்லதான் கோளாறு, காத்துல ஒண்ணும் இல்லைன்னேன். அக்கம்பக்கத்து ஆளுகளும் வந்து கேட்டாங்க. மூக்கு எரியுதே வேணி, என்னன்னு பாருன்னாங்க. பலகையைப் பாருங்க, பச்சைதானேன்னு சொன்னேன். கதவைச் சாத்திட்டுப் படுங்கன்னு சொல்லி அனுப்பினேன்."

வாசலில் சேர்மக்கனி எழுந்து எங்கேயோ போனான்.

"அம்மா, நீங்க படுத்துக்கோங்க" என்றார் செண்பகவல்லி.

மரகதவேணி அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஞானதிரவியத்தின் முகத்தையே பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் போன் போட்டேன் சார். அவங்க சொன்ன எண்ணைத் திரும்பக் கேட்டுச் சரிபார்த்துக்கிட்டேன். என் மெஷினை நிறுத்தினேன். சராசரி எடுத்துப் பலகையில போட்டேன். நீங்க சொன்ன வரிசையிலதான் எல்லாம் செஞ்சேன்." அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள். "நடுவுல ஏதாவது விட்டுட்டேனா சார்? யோசிச்சு யோசிச்சுப் பாக்குதேன், எதுவும் விட்ட மாதிரி தெரியலை. ஆபீஸ்ல இருந்து வந்தவர் கவனக்குறைவுன்னு சொல்லிட்டுப் போறார். நான் சரியாத்தானே சார் செஞ்சேன்?"

எத்தனையோ வகுப்பில் எத்தனையோ பேர் அவரிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நான் செய்தது சரிதானே சார்? ஒரு தலையசைப்பில் பதில் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போயிருக்கிறார். இன்று தலை அசையவில்லை. குருவைப் பார்த்தார். குரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வெளியே வந்துவிட்டார். வந்துவிட்டார் என்ன, ஓடிவந்துவிட்டார்.

செண்பகவல்லி மெதுவாகப் பின்னால் வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார். கரி ஏற்றின லாரி ஒன்று சந்து முனையில் திரும்பிப் போயிற்று.

"என்னம்மா சொல்ல அவகிட்ட? தப்புன்னு சொன்னா அந்தப் புள்ளை இன்னைக்கே செத்துரும். சரின்னு சொல்லிட்டா நாளைக்கு வகுப்புக்கு வர்ற அத்தனை பேரும் அதைத்தான் தலையில ஏத்திக்கிட்டு ஊருக்குப் போவாங்க. இன்னொரு கரிமேடு, இன்னொரு பச்சை விளக்கு. எதைச் சொன்னாலும் கொலைம்மா."

"அவகிட்ட சரின்னு சொல்லுங்க அண்ணாச்சி. வகுப்புல தப்புன்னு சொல்லுங்க."

"வகுப்புல அப்படிச் சொன்னா என் வேலை போயிரும். நாலு பேர் செத்த கேஸும் என் மேல திரும்பும்."

"திரும்பும்."

சமாதானமாக ஒரு வார்த்தை வரும் என்று அவர் காத்திருந்தார். குரு ஸ்கூட்டர் சீட்டில் படிந்திருந்த கரியைத் துடைத்தார்.

"சரி, வேலை போவட்டும்" என்றார் ஞானதிரவியம். "ஆனா ரெண்டு இடத்துல ரெண்டு பேச்சு பேசச் சொல்லுதீங்களே. நடந்தது ஒரே காரியம். அது எப்படிம்மா சரியாவும் இருக்கும், தப்பாவும் இருக்கும்?"

வீட்டு வாசலில் மரகதவேணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் பதில் வரவில்லை அவளுக்கு.

செண்பகவல்லி அவளைப் பார்த்தார். பிறகு சீடரைப் பார்த்தார்.

"செஞ்சது அவ அண்ணாச்சி. சொல்லிக்கொடுத்தது நீங்க."