கன்னி மூலை நாற்காலி

வாய்ப்பைத் தேடிக் கடல் தாண்டிப் போனவர் தெய்வசிகாமணி. திருப்பூரில் பாதி ஆயுள் பனியன் தைத்தவர். 'வளரும் தென்கிழக்கு ஆசியா, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வாய்ப்புகள்' என்று ஒரு நட்சத்திர ஓட்டலில் கூட்டம் நடந்தது. பிஸ்கட் கொடுத்தார்கள். டை கட்டிய ஒருவர் மேடையேறி, கம்போடியாவில் வரிச்சலுகை உண்டு, துறைமுகம் உண்டு, வேலைக்கு இளவட்டங்கள் உண்டு, எங்கே திரும்பினாலும் காலி நிலம் என்றார்.

கடைசி இரண்டு வார்த்தைகள் தெய்வசிகாமணியின் காதில் தேனாகப் பாய்ந்தன. தம் திருப்பூர் பனியன் கம்பெனியை விற்றார். கம்போடியாவில் நெல்வயல்களுக்கு நடுவே குத்தகைக்கு இடம் பிடித்து ஃபேக்டரி கட்டினார். திரும்பிப் போனால் பிழைக்க ஊரில் ஒரு தையல் மிஷின்கூட மிச்சம் வைக்கவில்லை.

மீகாங் ஆற்றங்கரையில், மரக்கால்கள்மேல் நிற்கும் ஒரு வீட்டில் வேதநாயகி இருந்தார். நாகப்பட்டினத்துக்காரர். கணவரோடு மளிகைக் கடை வைக்க வந்தவர். கணவர் இறந்தபின் கடையையும் யாருக்கோ கொடுத்துவிட்டு, காவி கட்டாமலே சாமியாராகிவிட்டார். தெய்வசிகாமணியைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் வந்து கும்பிட்டு, அவருடைய சிஷ்யராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டிருந்தார் தெய்வசிகாமணி. முதலாளிகள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை.

அன்று சனிக்கிழமை இல்லை.

"என்ன முதலாளி, கிழமை மறந்து போச்சா?"

"ஒரே ஒரு கேள்விங்க சாமி. இந்த நாட்டுல வெளியாளுக்கு வாய்ப்பு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

வேதநாயகி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கட்டி முடிச்சு, மிஷினும் ஓட்டின பிறகு கேக்கற கேள்வியா இது?"

"தைக்கற புள்ளைங்க மயங்கி மயங்கி விழறாங்க சாமி."

"காத்து வருதா உள்ளே?"

"பெரிய ஃபேன் போட்டாச்சுங்க. டாக்டரைக் கூட்டியாந்து காட்டுனேன். முட்டை, பழம் எல்லாம் குடுக்கறேன். ஓவர்டைமைக்கூட நிறுத்திட்டேன். அப்பவும் என்ர ரூமுக்குப் பக்கத்து வரிசை மட்டும், காத்துல சாஞ்ச நெல்லாட்டம் மொத்தமா விழுவுதுங்க."

"அப்புறம்?"



"நேத்து சன்னாரின்னு ஒரு புள்ள விழுந்தா. காலர் தைக்கற புள்ள. விழுந்தவ எந்திரிச்சு உக்காந்து பேசுனா. தமிழ்லீங்க, சாமி."

"உங்க மேஸ்திரிங்க பேசறதைக் கேட்டுப் பிடிச்சிருப்பா."

"அவங்க அந்தப் புள்ளைங்ககிட்டப் பேசற தமிழே 'சீக்கிரம்'கற ஒரு வார்த்தைதானுங்க. இவ எங்க பக்கத்துப் பேச்சு பேசறா. அதுவும் கெழவன் கொரல்ல. என்னைப் பாத்து, 'என்ர எடத்துல உக்காந்திருக்கறது ஆருடா?'ன்னு கேட்டா."

கல் பொறுக்கிய விரல்கள் நின்றன.

"கேட்டுட்டு?"

"சிரிச்சா. அப்பறம் தண்ணி கேட்டா, அவ பாசையில. என்ன பேசுனோம்னு அவளுக்கே தெரியலீங்க. இன்னிக்குக் காலையில ஒரு புள்ளகூட உள்ள வர்ல. ரோட்டுலயே நிக்கறாங்க. இப்பிடியே போச்சுன்னா ஆர்டர் கைவிட்டுப் போயிரும். ஃபேக்டரியை மூடிட்டு நான் எங்கீங்க போறது?"

"மண்ணுக்குப் பூசை போட்டீங்களா?"

தெய்வசிகாமணியின் முகம் மலர்ந்தது. "நல்லாக் கேட்டீங்க! ஊர்ல இருந்து அய்யரைப் பிளேன்ல கூட்டியாந்து ஹோமம் பண்ணுனேன். மூட்டைத் தேங்கா உடைச்சேன். பூசணிக்கா சுத்துனேன். ஒரு குறை சொல்ல முடியாதுங்க."

"அந்த இடத்துல அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

"காலி நிலமுங்க."

வேதநாயகி முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அதாவது, ஒரு மரம் இருந்துச்சு. அதுக்கடியில பொம்மை வீடாட்டம் ஒரு மரக் குடிசை. உள்ள ஒரு கல்லு. 'நேக்தா'ன்னு சொல்றாங்க. நம்மூரு எல்லைச்சாமியாட்டம். நான் சாமியை அவமதிக்கறவன் இல்லீங்க. அது கன்னி மூலையில இருந்துச்சு. கன்னி மூலைன்னா முதலாளி உக்கார வேண்டிய எடம். வாஸ்துக்காரர் வீடியோவுல பாத்துட்டு, சாமியை ஈசானி மூலைக்கு மாத்திருங்கன்னார். மாத்துனேன். கிரானைட் போட்டு, தங்கக் கலர் அடிச்சு, சீரியல் லைட்டும் கட்டிக் குடுத்திருக்கறேன். அந்தக் குடிசையில பல்லி முட்டை போட்டிருந்துச்சுங்க. இப்ப வந்து பாருங்க, மாளிகை!"

"மாத்தறதுக்கு முன்னாடி?"

"முன்னாடி என்னங்க?"

வேதநாயகி முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க, உங்க முதலாளியைப் பாத்துட்டு வருவோம்."

"நான்தானுங்களே முதலாளி."

அவர் அதற்குள் படியிறங்கியிருந்தார்.

ஃபேக்டரி வாசலுக்கு எதிரே, ரோட்டோரத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சன்னாரியும் இருந்தாள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டுத் தான் மட்டும் வெளியே நின்றுகொண்டான். ஆள் இல்லாத ஃபேக்டரிக்குக் கரண்ட் எதற்கு என்று காலையிலேயே மெயினை அணைத்திருந்தான்.

உள்ளே ஊசிக்கடியில் பாதி தைத்த சட்டைகள் கிடந்தன. மதிய வெயில் தகரக் கூரைமேல் அடித்தும் உள்ளே குளிர்ந்தது. ஈசானி மூலையில் தங்கக் கலர் மாளிகை. அதன் முன்னால் முந்தாநாள் படைத்த வாழைப்பழம், உரித்தது உரித்தபடி. ஓர் எறும்புகூட இல்லை.

"இங்கே யாரும் குடிவரலையே" என்றார் வேதநாயகி.

தெய்வசிகாமணி இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கன்னி மூலையிலிருந்த தம் அறையைத் திறந்தார். பெரிய சுழல் நாற்காலி முதுகைக் காட்டி நின்றது. வேதநாயகி வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். நாற்காலியைப் பார்த்துக் கைகூப்பினார். அந்நாட்டுக் கெமர் மொழியில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். தலையைச் சாய்த்துக் கேட்டார். சரி என்பதுபோல் தலையசைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார்.

"நிக்கறீங்களே முதலாளி? உங்க நாற்காலிதானே. உக்காருங்க."

தெய்வசிகாமணி உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

நேற்று மாலையிலிருந்து பூட்டிக் கிடந்த அறை அது. நாற்காலி சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து வழிவிட்டதுபோல.

"சாமி... என்னங்க பேசுனீங்க?"

"உங்க பேரைச் சொன்னேன். 'யாரது, எனக்குப் பழக்கமில்லையே'ன்னார்."

தெய்வசிகாமணி சுவரோடு ஒட்டிக்கொண்டார். "கோயில் கட்டறேனுங்க. இந்த மாளிகை போதலைன்னா இன்னும் பெருசாக் கட்டறேன். வருசா வருசம் கெடா வெட்டறேன். என்ன வேணும்னு கேட்டுச் சொல்லுங்க, முடிச்சிரலாம்."

"நான் புரோக்கர் இல்லை."

நாற்காலி மெல்ல அரைவட்டம் திரும்பி நின்றது. தெய்வசிகாமணி அதைத் தொடவில்லை.

"உங்களுக்குப் பெரியப்பா உண்டா?" என்றார் வேதநாயகி, ஒன்றும் நடக்காததுபோல்.

"உண்டுங்க. பெருமாநல்லூர்ல."

"அவர் வீட்டுக்கு எப்படிப் போவீங்க?"

"எப்பிடின்னா... கார்லதானுங்க."

"காரை வீட்டுக்குள்ளேயே விடுவீங்களோ?"

"இல்லீங்க. வாசல்ல நின்னு, 'ஊட்ல ஆருங்க?'ன்னு ஒரு கொரல் குடுப்பேன்."

"கதவு திறந்து கிடந்தா?"

"தொறந்து கெடந்தாலும் கொரல் குடுக்கோணுமுங்க. ஊட்டுல ஆளே இல்லீன்னாலும் குடுக்கோணும். சும்மா உள்ள போறது எங்க பக்கத்துல பழக்கமே..."

தெய்வசிகாமணி அதோடு நிறுத்திக்கொண்டார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். 

வேதநாயகி எழுந்து வெளியே நடந்தார். மிஷின் வரிசைகளைத் தாண்டி, மாளிகையைத் தாண்டி, கேட்டையும் தாண்டி ரோட்டில் போய் நின்றார். தெய்வசிகாமணி பின்னாலேயே ஓடினார். ரோட்டோரப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, தம் சொந்த கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினார். தார் சுட்டது.

"ஊட்ல ஆருங்க!" என்று சத்தம் போட்டார்.

"மேஸ்திரியை அதட்டற குரல் இது" என்றார் வேதநாயகி. "பெரியப்பாவை இப்படித்தான் கூப்பிடுவீங்களா?"

தெய்வசிகாமணி உதட்டை நனைத்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார்.

"ஊட்ல... ஆருங்க?"

காற்று நின்றது. வயலில் கத்திக்கொண்டிருந்த குருவிகள் ஓய்ந்தன.

கரண்ட் இல்லாத ஃபேக்டரிக்குள் ஒரே ஒரு மிஷின் ஓடத் தொடங்கியது. காலர் வரிசைதான். ஒரு நீளத் தையல் ஓடி, நூல் அறுபட்டதுபோல் நின்றது.

ரோட்டோரத்தில் பெண்கள் எழுந்துவிட்டார்கள். யாரும் ஓடவில்லை. சன்னாரி மட்டும் கேட்டை நோக்கித் தலையைச் சாய்த்து, யாரோ சொல்வதைக் கேட்பதுபோல் நின்றாள்.

"சாமி," தெய்வசிகாமணியின் குரல் அவருக்கே கேட்கவில்லை, "வரச் சொல்றாங்களா, போகச் சொல்றாங்களா? எனக்கு இங்க வாய்ப்பு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

வேதநாயகி சன்னாரிக்குப் பக்கத்தில் போய், புல்தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார்.

"இப்பத்தானே கேட்டிருக்கீங்க" என்றார். "நில்லுங்க."