பத்தாவது சாயா

அமெரிக்காவில் சம்பாதித்துக் கடலோர ஊருக்குத் திரும்பிய ஜெரால்டு முதலாளிக்குத்தான் ஊரின் கால்பந்து மைதானம் சொந்தம். ஒரு ஞாயிறு காலை ஊரையே கூட்டி, பெரிய திரையில், முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக்காரர்களின் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார்.

"இதுல்லா ஆட்டம்! நம்ம ஃபுட்பாலைப் பார்த்தா கொட்டாவிதான் வரும். இனி என் மைதானத்துல அது கிடையாது. இல்லைன்னு சொல்றவன் நிரூபிச்சுக் காட்டட்டும்!"

ஆட்டக்காரர்களுக்கு முகம் தொங்கிப்போயிற்று. டீக்கடையிலிருந்து அவருக்குச் சாயா கொடுக்க வந்த வியாகுலம் மட்டும் சொன்னாள்: "நான் காட்டுறேன் முதலாளி. சாயங்காலம் ஒரே ஒரு மேட்ச் பாருங்க."

சாயங்காலம் விசில் ஊதியதும் அவர் கையில் ஒரு சாயாவைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். பந்து அந்தக் கோலுக்கும் இந்தக் கோலுக்குமாகப் பறந்தது. முதலாளி எழுந்தார், குதித்தார், "அடிலே! அங்க குடுலே!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

இடைவேளை வந்தது. "எங்க புள்ள, உன் நிரூபணம்?"

"காலையில ஆட்டம் நின்னு நின்னு நடந்துச்சு, ஒம்பது சாயா குடிச்சீங்க. இப்போ குடுத்த ஒண்ணைக் குடிச்சீங்களா?"

"ஏன், குடிச்சாச்சே! கிளாஸ் காலி, பாரு."

"நீங்க குடிக்கலை முதலாளி. உங்க வேட்டி குடிச்சிருக்கு."

குனிந்து பார்த்தார். இடுப்பிலிருந்து முழங்கால் வரை சாயாக் கறை. சுட்டதுகூடத் தெரியவில்லை மனிதருக்கு. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதற்குள் விசில் மறுபடி ஊதியது.

"மைதானம் உங்களுக்கேதான்லே, எடுத்துக்கிடுங்க!" என்று ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கத்தினார் முதலாளி. "ஏ புள்ள, தள்ளி நில்லு, மறைக்காத!"