மூன்றாவது ராடு

சத்தியபாமாவிடம் இஞ்சின் வேலை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தபோது மாரப்பனுக்கு வயது ஐம்பத்தொன்று. குருவுக்கு முப்பத்தாறு.

மாரப்பன் சாதாரண ஆள் இல்லை. ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில் இருபத்தாறு வருடம் டீசல் இஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியவர். அளவு பார்க்காமல் வேலை செய்வதில்தான் அவர் பேர் எடுத்ததே. பேரிங்கை விரலால் தடவி, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். வினையே அதுதான்.

சத்தியபாமா கட்டுவது பந்தயக் கார் இஞ்சின்கள். கோவை கணபதியில் ஒரு மாவு மில்லுக்குப் பின்னால் அவருடைய பட்டறை. மாரப்பன் வந்த முதல் நாள் அவருடைய விரலை மனதாரப் பாராட்டினார். பாராட்டிவிட்டு மைக்ரோமீட்டரை எடுத்துக் கையில் கொடுத்தார். நான்கு வருடமாக மாரப்பன் அதைக் கீழே வைக்கவில்லை.

அந்தப் பட்டறையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. போல்ட் இறுக்கும் நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கி, அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். துணி தொங்கும் வரை சாமியே வந்தாலும் வெளியில்தான் நிற்க வேண்டும். இறுக்குகிறவர் நடுவில் நிறுத்திவிட்டால், எல்லா போல்ட்டையும் தளர்த்தி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்று, இஞ்சினின் கீழ்ப்பாதியைப் பூட்டியவர், அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை மூடுவதற்கு முன், இஞ்சின் கூடான பிளாக்கின் உட்சுவரில் தன் எழுத்தை அடிப்பார். மறுபடி இஞ்சினைப் பிரிக்கும் வரை அது யார் கண்ணிலும் படாது. அங்கிருந்து போன இஞ்சின்கள் அத்தனையிலும் 'ச' மட்டும்தான் இருந்தது.

மாரப்பனுக்கு அது உள்ளூர உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அம்மணி, என் கை மேல உங்களுக்கு எப்பத்தான் நம்பிக்கை வரும்?"

"என்னங்ணா ஆச்சு?"

"நாலு வருசமாச்சுங்க. ஒரு எழுத்து அடிக்கக் குடுக்கலீங்களே."

சத்தியபாமா மேசை மேல் கவிழ்ந்திருந்த பிளாக்கைக் காட்டினார். "இதோட கீழ்ப்பாதிய நீங்களே பூட்டுங்க. முடிச்சுட்டுக் கூப்புடுங்க."

அது ஜோஷ்வாவின் இஞ்சின். குன்னூர்க்காரர், முப்பது வயது, நல்ல பந்தய ஓட்டுநர். போன வருடம் வேறெங்கோ கட்டிய இஞ்சின் பந்தயத்தின் நடுவே, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடு ஒன்றைப் பிளாக்குக்கு வெளியே துப்பிவிட்டது. ஆயில் டயரில் பட்டு, கார் சுவரில் மோதியது. இப்போதும் இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார்.

மாரப்பன் நான்கு நாள் அதன் மேலேயே கிடந்தார். பிளாக்கை மூன்று முறை கழுவினார். ஆயில் ஓடும் துளை ஒவ்வொன்றிலும் பிரஷ் விட்டு எடுத்தார். ஐந்து மெயின் பேரிங்குகளுக்கும் மெழுகு நூல் வைத்து நசுக்கி, நசுங்கிய அகலத்தை அளந்து இடைவெளியைக் கணக்கிட்டு எழுதினார். செவ்வாய்க்கிழமை காலை துணியைக் கட்டி மெயின்களை இறுக்கினார். கிராங்கை ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் சுற்றியது. அவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை. துணியை அவிழ்த்துவிட்டுப் போய் ஒரு டீ குடித்தார்.

மீதி இருந்தது நான்கு ராடு, எட்டு போல்ட். எட்டு போல்ட்டுக்கு என்னத்துக்குத் துணி என்று நினைத்துவிட்டார்.

ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு இறுக்கு. முதலில் ரென்ச் 'கிளிக்' என்னும் வரை. பிறகு அங்கிருந்து அறுபது டிகிரி ஒரு திருப்பு. இரண்டாவது திருப்பு விட்டுப்போனால், நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றில் போல்ட் தளர்ந்து ராடு கழன்றுவிடும். அதே திருப்பை இன்னொரு தரம் கொடுத்தால் போல்ட் இழுபட்டுப் போகும். ஆகவே முடித்த போல்ட்டில் அப்போதைக்கப்போதே ஒரு மஞ்சள் கோடு போட வேண்டும். தலையில் பாதி, ராடில் பாதி.

மூன்றாவது ராடில் இருந்தபோது கூரியர்காரர் வந்தார். மாரப்பன் ரென்ச்சை வைத்துவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டார். இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். திரும்பி வந்து நான்காவதை முடித்தார். பிறகு மஞ்சள் பெயின்ட்டை எடுத்து எட்டுக்கும் ஒரே மூச்சில் கோடு போட்டார்.

"அம்மணி, முடிஞ்சுதுங்க."

சத்தியபாமா வந்தார்.

"மெயின் அஞ்சும் சுத்தமுங்க. ராடு எல்லாம் இறுக்கியாச்சு. மூணாவதும் இறுக்கியாச்சுங்க."

சத்தியபாமா ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றினார். மேசை டிராயரைத் திறந்து, ஆயில் ஊறிப் பழுப்பேறிய காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

உள்ளே ஒரு எழுத்து பஞ்ச் இருந்தது. நுனியில் 'மா' என்று வெட்டியிருந்தது.

"இத எப்பங்க செஞ்சீங்க?"

"ரெண்டு வருசம் இருக்குமுங்ணா." சுத்தியலை அவர் பக்கத்தில் வைத்தார். "அடிச்சுட்டுச் சம்ப்ப மூடிருங்க. நாலு மணிக்கு ஜோஷ்வா வந்துருவாரு."

அவ்வளவுதான். அந்தக் கோடி மேசைக்குப் போய் வேறொரு இஞ்சினின் பிஸ்டன் ரிங்கை அரம் போட உட்கார்ந்துவிட்டார்.

மாரப்பன் பஞ்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு வருடமாக அந்த டிராயருக்குள் தன் பெயர் காத்துக்கொண்டிருந்ததா? பஞ்ச்சைப் பிளாக்கின் சுவரில் வைத்தார். சுத்தியலை ஓங்கினார்.

கை இறங்கவில்லை.

இறுக்கியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் இந்தக் கை எதையும் மறந்ததில்லை. இதோ, மஞ்சள் கோடு இருக்கிறதே. கோட்டைப் போட்டது யார்? நான்தான். எப்போது? எல்லாம் முடிந்த பிறகு.

மீண்டும் ஓங்கினார். மீண்டும் இறக்கினார். சத்தியபாமா தலை நிமிரவில்லை. அரம் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு முன்பே ஜோஷ்வா வந்துவிட்டார்.

"என்ன அண்ணா, ஏத்திடலாமா?"

காலையில் ஃபோனில் அவரிடம் 'வந்து எடுத்துட்டுப் போங்க தம்பி' என்று மார்தட்டியவர் மாரப்பன்தான். இப்போது அந்த இடது காலைப் பார்த்தார். பஞ்ச்சை மறுபடி காகிதத்தில் சுற்றி வைத்தார்.

"இல்லீங்க தம்பி. ராடப் பிரிக்கோணும்."

"ஏதாவது தப்பா?"

"தப்பான்னு தெரியலீங்க. மூணாவது ராடுல ரெண்டாவது திருப்பு குடுத்தனா இல்லியான்னு எனக்கு நெனவில்ல."

இந்த ஒரு வாக்கியத்தை மாரப்பன் தன் வாழ்நாளில் எந்த ஓட்டுநரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்தபோது காது இரண்டும் சுட்டது.

ஜோஷ்வா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நான் வெளியில இருக்கேன் அண்ணா. நீங்க பாருங்க" என்றார். வாசலில் கிடந்த பழைய டயரில் போய் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

மாரப்பன் ஷட்டரைப் பாதி இறக்கினார். சிவப்புத் துணியைக் கட்டினார்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. போல்ட்டைத் தளர்த்தி, முதல் இறுக்கை மட்டும் கொடுக்க வேண்டும். தலையில் உள்ள பாதிக் கோடு, ராடில் உள்ள பாதிக்கு அறுபது டிகிரி முன்னாலேயே நின்றால், முன்பே இரண்டாவது திருப்பு விழுந்திருக்கிறது. இரண்டு பாதியும் நேருக்கு நேர் நின்றால் விழவில்லை.

மூன்றாவதை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கலாம். மாரப்பன் எட்டையும் தளர்த்தினார். முதலிலிருந்து தொடங்கினார்.

முதல் ராடு சரியாக இருந்தது. இரண்டாவதும் சரி. இரண்டுக்கும் இரண்டாவது திருப்பைக் கொடுத்துக் கோடு போட்டார். மூன்றாவதுக்கு வந்தபோது உள்ளங்கை வியர்த்துவிட்டது. துடைத்துக்கொண்டு ரென்ச்சை வைத்தார். கிளிக். குனிந்து பார்த்தார். தலையிலிருந்த கோடு அறுபது டிகிரி முன்னால் நின்றது. அடுத்த போல்ட்டும் அப்படியே நின்றது.

அவர் சிரித்துவிட்டார். இருந்தாலும் அதோடு நிறுத்தவில்லை. மூன்றாவதுக்கு இரண்டாவது திருப்பைக் கொடுத்தார். பாதிக் கோடுகள் ஒன்றுசேர்ந்தன. பழைய கோட்டின் மேலேயே அப்போதைக்கப்போது புதுக் கோடு போட்டார். நான்காவதையும் முடித்தார். துணியை அவிழ்த்தார்.

மணி ஐந்தரை. சத்தியபாமா கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

"எட்டும் சரியாத்தானுங்க இருந்துச்சு அம்மணி."

"சரிங்ணா."

"மூணாவதும் சரியாத்தான் இருந்துச்சு."

"சரிங்ணா."

மாரப்பனுக்கு மனசு ஆறவில்லை. "நான் தடுமாறுனது உங்களுக்குத் தெரிஞ்சுதான இருந்துச்சு? பிரிச்சுப் பாருங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? எதுக்குங்க பஞ்ச்ச எடுத்துக் கையில குடுத்தீங்க?"

சத்தியபாமா காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, பஞ்ச்சை அவர் கையில் மறுபடியும் வைத்தார்.

"நான் சொல்லிப் பிரிச்சிருந்தீங்கன்னா, இதுல என் எழுத்தத்தானுங்ணா அடிச்சிருக்கோணும்."