யாரும் வழுக்காத இருநூறு நாள்

"மேடம், கணக்கு முடிஞ்சுது. கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார் தணிகாசலம்.

ஐம்பது வயதில் கட்டடப் பாதுகாப்பு வேலை கற்க வந்தவர். கற்றுக்கொடுப்பவர் பவுலின். வயது முப்பத்தொன்று.

தணிகாசலம் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டால், பதினான்கு பேர் ஒன்பதாம் மாடிச் சாரத்தில் ஏறுவார்கள்.

"என்ன கணக்கு சார்?"

"இருநூறு நாளா ஒருத்தர்கூட வழுக்கலை. இன்னிக்கு ஒருத்தர் விழறதுக்குப் பத்தாயிரத்துல ஒரு வாய்ப்பு. அந்த ஒண்ணும் நானா பார்த்துக் கொடுத்தது."

"வழுக்கலைனு யார் சொன்னா?"

"பதிவேடு. வழுக்கினவங்க தானா வந்து எழுதணும்."

"எழுதினா?"

"ஒரு வாரம் சிவப்பு ஹெல்மெட் போடணும். கவனமா இருப்பாங்கல்ல? என் யோசனைதான் மேடம்!"

சொல்லும்போதே தணிகாசலத்தின் நெஞ்சு ஓர் அங்குலம் உயர்ந்தது.

அந்த ஹெல்மெட் ஆணியில் தொங்கியது. பளபளவென்று இருந்தது. இன்றுவரை ஒரு தலையையும் பார்த்ததில்லை.

பவுலின் அதை எடுத்து மாட்டிக்கொண்டார். நேரே போய், டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்தார்.

"காலைல ஏழாம் மாடிப் படியில வழுக்கிட்டேன்."

முழங்கையைக் காட்டினார். தோல் உரிந்திருந்தது.

கூட்டம் குலுங்கியது.

"மேடத்துக்கே கண்டமா!"

"படிக்கட்டுக்கு வணக்கம் வெச்சீங்களா மேடம்?"

"டேய், தலையில தக்காளி பழுத்திருக்குடா!"

பவுலினும் சிரித்தார்.

சிரிப்பு ஓய்ந்தது. கம்பி கட்டும் வீரபாகு டீ கிளாஸைப் பார்த்தபடி சொன்னார்.

"மூணாவது படிதானே? என்னையும் ரெண்டு தடவை தள்ளிவிட்டுச்சு."

"படியை விடுங்கண்ணே," என்றாள் சித்தாள் பூவாயி. "ஒம்போதாம் மாடில மேற்குப் பக்கத்துப் பலகை ஆடுது. நேத்து என் காலு முட்டி வரைக்கும் உள்ள போயிருச்சு. கட்டு அவுந்து கெடக்கு."

பின்னாலேயே வந்து நின்ற தணிகாசலம் பூவாயி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, சொல்லவே இல்லையே?"

"இவனுங்க வாய் சும்மா இருக்குமா சார்? அதுவும் ஒரு வாரம்!"

தணிகாசலம் அனுமதிச் சீட்டை நாலாக மடித்தார்.

"யாரும் மேல ஏறாதீங்க. கட்டைச் சரிபண்ணிட்டு அப்புறம் பார்ப்போம்."

"சார், இப்பப் பத்தாயிரத்துல எத்தனை?" என்று கேட்டார் பவுலின்.

தணிகாசலம் அவர்கள் நடுவே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் யாரு பேசலை?"