குரல்திருடி குகையும் மரல்நார்க் கயிறும்

மலைகளெல்லாம் இன்னும் குழந்தைகளாயிருந்த காலம்னு வெச்சுக்குங்களேன், அவ்வளவு முன்னாடி, தேன்பாறைன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல கயிறு இல்லாத வீடு கிடையாது. கத்தாழை மாதிரி மரல்னு ஒரு செடி, அதோட நாரை உரிச்சு, ஊறப்போட்டு, முறுக்கேத்தித் திரிச்ச கயிறு. பிள்ளைக்குத் தொட்டில் கட்ட அதுதான், விறகு கட்ட அதுதான், புயலடிச்சா கூரையை இழுத்துக் கட்டவும் அதுதான். தேனெடுக்க மலை முகட்டுலருந்து இறங்கறதும் அதுலதான்.

தேனெடுக்க ஒருத்தன் இறங்கினா, மேலே கயித்தைப் பிடிக்கிறது அவன் பொண்டாட்டியோட அண்ணனோ தம்பியோதான். ஏன்? கைவிட்டா தாலியறுக்கிறது கூடப்பிறந்தவளாச்சே! விடுவானா?

அப்படித்தான் தும்பன் இறங்கினான், மச்சான் நஞ்சன் கயித்தைப் பிடிச்சான். பட்டப்பகல். திடீர்னு கயிறு லேசாச்சு. இழுத்துப் பார்த்தா, வெறுங்கயிறு.

"நஞ்சன்தான் விட்டுட்டான்!" ஊரு கத்துச்சு.

தும்பன் பொண்டாட்டி மருதி முனையைத் தடவிப் பார்த்தா. "பிசிறு இல்லை, வெட்டு இல்லை. முடிச்சை அவிழ்த்திருக்கு. என் புருஷனே அவிழ்த்திருக்காரு."

அதைக் கேட்டு எல்லாரும் ரெண்டடி பின்னால போனாங்க. ஏன்னா, பாறை நடுவுல இருக்கற குகையில குரல்திருடி இருக்கா. உருவம் கிடையாது அவளுக்கு. நம்ம மனசுக்குள்ளே கையைவிட்டு, நமக்கு வேண்டியவங்க குரலை எடுத்துப் பேசுவா. 'கயித்தை அவிழ்'னு மூணு தரம் கேப்பா. அவிழ்த்தவன் குரலும் அவளுக்கு, ஆளும் அவளுக்கு. மூணு தரமும் அவிழ்க்காம ஒருத்தர் வெளிச்சத்துக்கு வந்துட்டா, திருடினதெல்லாம் திரும்பிரும்னு பேச்சு. அப்படி யாரும் வந்ததில்லை.

"நான் இறங்குறேன்"னா மருதி.

பொம்பளை இறங்கினா கயித்தை யாரு பிடிக்கிறது? யோசிச்சுப் பார்த்தாங்க. உள்ளே கிடக்கிற தும்பனோட அக்கா சடைச்சிதான், கைவிட்டா அவ தம்பியும் திரும்பமாட்டானே! ஆனா மருதிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்! நாத்தனார் கையில உசிரைக் கொடுத்துட்டு யாராவது பள்ளத்துல இறங்குவாளா? மருதி இறங்கினா.

"அடியே, ஒரு இழுப்புன்னா இறக்குவேன், ரெண்டுன்னா நிறுத்துவேன், மூணுன்னா தூக்குவேன். மறந்து தொலைக்காதே!"ன்னா சடைச்சி.

"சரி மதினி."

குகை வாய்க்குள்ளே கால் வெச்சதும் கையிலிருந்த பந்தம் அணைஞ்சுபோச்சு. காத்தே இல்லை, ஆனாலும் அணைஞ்சுது. மருதி இடுப்புல சுத்தியிருந்த சின்னக் கயித்தை எடுத்தா. கைக்குத் தட்டுப்பட்ட சுள்ளியை வளைச்சு அந்தக் கயித்தால வில்லாக்கி, இன்னொரு குச்சியை அதுல சுத்திக் கடைகோலாக்கி, பந்தத்துக் கட்டைமேல சர்ருசர்ருன்னு கடைஞ்சா. புகைஞ்சு, கனிஞ்சு, தீ பிடிச்சுது.

வெளிச்சத்துல பார்த்தா, சுவரோரம் ஆளுங்க. வரிசையா உக்காந்திருக்காங்க. கண்ணை மெழுகு மூடியிருக்கு, வாயை மெழுகு மூடியிருக்கு. மூச்சு மட்டும் வருது. கடைசியில தும்பன்.

"ஏங்க!" அவன் கன்னத்தைத் தட்டினா. அசைவில்லை. அவ அழுதா.

அப்பத்தான் செத்துப்போன அவ ஆத்தா குரல் கேட்டுச்சு. "இடுப்பை அறுக்குதே கண்ணு... கயித்தை அவிழ்."

கை தன்னால முடிச்சுக்குப் போச்சு. அய்யோ, அவ்வளவு ஆசை! ஆனா குகை ஈரத்துல நார் ஊறி, முடிச்சு இறுகிக் கல்லாயிருந்துச்சு. நகம் ஒடிஞ்சதுதான் மிச்சம். அந்த வலியில புத்தி தெளிஞ்சுது.

சின்னக் கயித்தால தும்பனை முதுகோட சேர்த்து, விறகுக்கட்டு மாதிரி இறுக்கிக் கட்டினா. மூணு இழுப்பு இழுத்தா. மேலேருந்து குரல் வந்துச்சு.

"என் தங்கமே மருதி! பாரம் தாங்கலைடா செல்லம். கயித்தை அவிழ்."

அச்சு அசல் சடைச்சி குரல். மருதி மேலே நிமிர்ந்து பார்த்தா. அடுத்த நொடி சிரிப்பு வந்துருச்சு. "எங்க மதினி என்னைத் தங்கமேன்னா, மலை ரெண்டாப் பொளந்துரும். போடி!"

கயிறு ஏறுச்சு, விரல் விரலா. மேலே சடைச்சி கயித்தை மரத்துல ஒரு சுத்து சுத்தி, அடியில கால் ஊணி இழுக்கிறா. உள்ளங்கைத் தோல் உரிஞ்சு ரத்தம். விடலை.

பாதிப் பாறையில, நிழல் இன்னும் விலகாத இடத்துல, கீழேருந்து மூணாவது குரல்.

"மருதி... நான் இங்கதான் இருக்கேன். நீ கட்டி எடுத்துட்டுப் போறது நானில்லை. அதை அவிழ்த்துவிட்டுட்டு வா."

தும்பன் குரல். பொய்க்குரல் இல்லை, அவனோட நிஜக்குரலே. முதுகுல இருக்கிறது பேசலை, அசையலை, மெழுகு மாதிரி சில்லுன்னு இருக்கு. இது யாரு? எதைச் சுமக்கிறோம்? அவளுக்குத் தெரியலை. நிஜமாவே தெரியலை.

கீழேருந்து குரல் அழுதுச்சு. "என்னை விட்டுட்டா போறே?"

மருதி பல்லைக் கடிச்சா. "முதுகுல இருக்கிறது யாராயிருந்தாலும் சரி. நான் கட்டினேன், நான் அவிழ்க்கமாட்டேன்!"

தலை முகட்டு வெயிலுக்கு வந்துச்சு. குகைக்குள்ளே நூறு குரல் ஒண்ணா அலறி, ஒண்ணொண்ணா அடங்குச்சு. முதுகுல சூடா ஏதோ வழிஞ்சுது. மெழுகு உருகுது! கீழே குகை வாயில ஆளுங்க கண்ணைக் கசக்கிட்டு நிக்கிறாங்க. நஞ்சன் ஓடிவந்து கயித்தை மறுபடி கீழே விட்டான். ஒவ்வொருத்தரா ஏறி வந்தாங்க.

சடைச்சி கையெல்லாம் ரத்தத்தோட தம்பி முகத்து மெழுகை வழிச்சுவிட்டா. அவன் மெதுவா வாயைத் திறந்தான்.

"மருதி... இறக்கிவிடு. நான் நடந்து வர்றேன்."

மருதிக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினா.

"பேசாம இருங்க. வீட்டுக்குப் போய் இறக்கிவிடுறேன்."