எலிக்காரருக்கு வந்த பெயர்

அந்தக் காலத்தில் எலிக்கும் பேச்சு உண்டு. கேட்டால் பதில் சொல்லும். அப்போது வேடியப்பன் என்றொருவன் வயல் வரப்புகளில் எலி பிடித்துவந்தான். அவன் தொழிலுக்குப் பெயர் கிடையாது. "ஏய், உன்னைத்தான்" என்றுதான் ஊரில் கூப்பிடுவார்கள்.

ஓர் ஆனி மாதம் ஊரின் விதைநெல்லை எலி இழுத்துப் போய்விட்டது. மழைக்குள் நெல் கிடைக்காவிட்டால் அந்த வருஷம் விதைப்பு இல்லை. வேடியப்பன் வளையைக் கண்டுபிடித்தான். வளை வாயையும், எலி ஓடிவந்தால் பிடிக்க ஒரே ஒரு ஓட்டையையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மண்ணால் அடைத்தான். வாயில் புகைப்பானையை வைத்து, புகையை உள்ளே ஊதக் குனிந்தான்.

"ஊதாதே அண்ணே," என்றது உள்ளேயிருந்து தாய் எலி. "குட்டிங்க இன்னும் கண்ணு திறக்கல. மூணு நாள் குடு. நெல்லைப் பூரா வெளியே வச்சிட்டு, பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போயிடறேன்."

"ஏமாத்த மாட்டியே?"

"நீ ஏமாத்தாம இருந்தா சரி."

பானையை இறக்கி வைத்தான்.

ஊண் உறக்கம் இல்லாமல் எலி நெல்லைக் கொண்டுவந்து குவித்தது. மூன்றாம் நாள் காலையில் கடைசி மணியும் வந்துவிட்டது. குட்டிகளைத் தூக்க அது உள்ளே திரும்பிய நேரம், ஊர்த்தலைவர் சங்கிலியாண்டி ஆட்களோடு வந்து நின்றார்.

"நெல்லுதான் வந்திருச்சே. இன்னும் என்ன வேடிக்கை?"

"சாயங்காலம் வரைக்கும் வாக்கு குடுத்திருக்கேங்க."

"எலிகிட்டயா?" கூட்டம் சிரித்தது. "நீ எங்க ஆளா, எலி ஆளா? எலி ஆளுன்னா அது வளையிலேயே போய்க் குடியிரு."

வேடியப்பனுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஊரை விட்டு எங்கே போவது? பானையை எடுத்து வைத்து ஊதினான்.

திறந்திருந்த ஓட்டை வழியாக எலி வரவே இல்லை. தோண்டிப் பார்த்தபோது குட்டிகள்மேல் கவிழ்ந்து கிடந்தது.

விதைத்த நெல் நன்றாகவே விளைந்தது. களத்தில் வைத்துத் தலைவர் சொன்னார்: "இனிமே உன் பேரு எலிக்கொல்லி. பட்டம் மாதிரி இருக்குல்ல?"

"வேணாங்க. எலி ஆளான்னு அன்னிக்குக் கேட்டீங்களே, அதுவே இருக்கட்டும். எலிக்காரன்னு கூப்பிடுங்க."

அடுத்த வளைக்குப் போனபோது குச்சியால் மூன்று தரம் தட்டி, "நேரம் ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டுப் பார்த்தான். பதில் இல்லை.

எலிகள் மனிதரோடு பேச்சை நிறுத்தியது அன்று முதல்தான். எலியைக் கொல்ல வருகிற ஆளை நாம் "எலிக்காரர் வந்திருக்கார்" என்று சொல்வதும் அன்று முதல்தான். அவரும் பரணில் மருந்து வைக்குமுன் சுவரை மூன்று தரம் தட்டுவார். கொஞ்ச நேரம் காது கொடுத்து நிற்பார்.